கட்டியக்காரன் வாயைக் கட்டிய கதை

காஞ்சிபுரத்துத் தெருவில் ஒரு கபாலிகச் சாமியார் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார். கூடவே அவருடைய துணைவி. அவளும் நல்ல போதையில்தான் இருக்கிறாள். சாமியார் பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணவில்லை. வறுத்த கறி வேறு அதற்குள் இருந்தது. எதிரே வருகிற பௌத்தத் துறவி கையில் எதையோ துணி போட்டு மூடி எடுத்துப் போகிறார். திருடன் அவர்தான் என்று சாமியார் பிடித்துக்கொள்கிறார். அந்தத் துறவியின் கவலையோ வேறு. புத்தர் இவ்வளவு நல்லவர், சோறு, மெத்தை எல்லாம் அனுமதித்தவர், கள்ளையும் பெண்ணையும் மட்டும் விட்டிருப்பாரா, கிழட்டுத் துறவிகள்தான் பொறாமையில் அந்த ஏட்டை ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே வருகிறார். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். அவருக்கும் அந்தப் பெண் மேல் ஒரு கண். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் மண்டையோட்டோடு வருகிறான். அவன் அதை ஒரு நாயிடமிருந்து பிடுங்கியிருக்கிறான்.

‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற இந்த நாடகத்தை எழுதியவர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவர், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குடைவரைக் கோயில்களுக்காகப் பாடப்புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த அதே ராஜாதான். காஞ்சிக்குத் தெற்கே மாமண்டூர் குகைக் கல்வெட்டிலும் இந்த நாடகத்தின் பெயர் இருக்கிறது. சுவடி கேரளத்தில் கிடைத்து, கணபதி சாஸ்திரி 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேற்றினார். பாடப்புத்தகம் ராஜாவைக் கலைஞர் என்று சொல்லும், சங்கீதம் தெரிந்தவர் என்று சொல்லும். அவர் எழுதியது குடிகாரச் சாமியாரைப் பற்றிய அடல்ட் காமெடி என்று மட்டும் சொல்லாது.

அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழக்கை நியாயசபைக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வரும்போது தேவசோமை தடுக்கிறாள். இந்தத் துறவிக்குப் பல விகாரைகளின் வருமானம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை அவரால் நிரப்ப முடியும், நம்மிடம் என்ன இருக்கிறது என்பது அவள் வாதம். எழுதியவர் ராஜா, நியாயசபையும் அவருடையது. தன் ஆட்சியில் லஞ்சம் நடக்கிறது என்பதை ஒரு குடிகாரியின் வாயில் வைத்துவிட்டார். போதையும் பாலியல் பேச்சும் நிறைந்த நாடகத்துக்குள்தான் அந்த வரி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

காஞ்சியிலிருந்து சுங்குவார்சத்திரம் முப்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். பெயரிலேயே சத்திரம் இருக்கிற ஊர், சென்னை–பெங்களூர் சாலையில் இருக்கிறது. இன்று வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தொழிற்சாலைகளின் பெயரால்தான் தெரியும். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது பேப்பரில் தினமும் வந்த பெயர். ஆனால் ஹூண்டாய் கார்களும் செல்போன் கம்பெனிகளும் வருவதற்கு ரொம்ப முன்பே இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் தெரியும். பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை கூத்து பார்ப்பதுதான் அந்த ஷிஃப்ட்.

ராஜாவைக் கேள்வி கேட்க ஒருத்தன்

கூத்து பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, கைத்தாளம். வேஷக்காரர்கள் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு வருவார்கள். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கிய அணிகள் அவை. அந்தக் கட்டைகளை வைத்துத்தான் ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரும் இருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கலைஞர் பெ. ராஜகோபால், தெருக்கூத்து என்பதைவிட இந்தப் பெயர்தான் சரி என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார்.

முதலில் மேடைக்கு வருகிறவன் கட்டியக்காரன். கட்டியம் கூறுவது என்றால் ராஜா வருகிறார் என்று பட்டப்பெயர்களோடு அறிவிப்பது. அவனுக்குக் கிரீடம் கிடையாது, கட்டை கிடையாது. ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். கட்டியக்காரன் இந்தப் பக்கம் நின்று, “யாருப்பா அது, கரண்ட் போன நேரத்துல கத்தறது?” என்பான். ராஜா பாட்டில் தன் வம்சத்தைச் சொன்னால் இவன் பேச்சுவழக்கில் அர்த்தம் கேட்பான். அவனே மந்திரி, அவனே வாயில்காப்போன், தேரோட்டி, தூதன், தேவைப்பட்டால் தோழிப்பெண். மகாபாரதத்தில் நடமாடிக்கொண்டே நம் ஊர் ரேஷன் கடையைப் பற்றியும் பேச அவன் ஒருத்தனால்தான் முடியும்.

கெட்ட வார்த்தைக்கும் அவன்தான் பொறுப்பு. உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன், சாயல் இப்படித்தான் இருக்கும்:

“எம் வில்லின் பெருமை அறிவாயோ?”

“பாத்தன் ராஜா. வில்லு நல்லாத்தான் கீது. நாணு ஏறுமா?”

“என்ன கேட்டாய்?”

“கல்யாணமாகி இத்தினி வருஷமாச்சே, அதான் ராணியம்மா கேக்கச் சொன்னாங்க.”

முன் வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது வில்லைப் பற்றிய ஜோக். அவர்கள் அப்பாவுக்கு வேறு ஜோக். எங்கள் ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவார். “கட்டையில போறவன், இன்னா பேச்சு பேசறான் பாரு” என்பார். அடுத்த வருஷம் அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்கிறவரும் அவர்தான்.

இதே ஏற்பாடு இங்கிலாந்திலும் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கு ஊர் பாண்டோமைம் போடுவார்கள். பெயரைக் கேட்டு மௌன நாடகம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே கூச்சலாக இருக்கும். சிண்ட்ரெல்லா, அலாவுதீன் மாதிரி குழந்தைக் கதை. ஒரு தடித்த ஆண், கிழவி வேஷம் கட்டிக்கொண்டு வருவார். அவருக்கு ‘டேம்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் டான் லீனோ இந்த வேஷத்துக்குப் பெரிய நட்சத்திரம். டேம் பேசுவதில் குழந்தைக்கு ஒரு அர்த்தம், பின் சீட்டில் இருக்கும் பெற்றோருக்கு இன்னொன்று. இன்று உள்ளூர் அமெச்சூர் குழுக்கள், குழந்தைகள் தூங்கப்போன பிறகு, பெரியவர்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்து முழுப் பச்சையாகவே ஒரு பாண்டோமைம் போடுவதும் உண்டு.

இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. ஒரே பந்தலில் தாத்தாவும் பேத்தியும் மருமகளும் சேர்ந்து உட்கார வேண்டிய கலைக்கு இரட்டை அர்த்தம் ஒரு தொழில்நுட்பம். யாரையும் வெளியே அனுப்பாமல் எல்லாரையும் சிரிக்க வைக்க வேறு வழி இல்லை.

நல்ல குணம் என்று பெயர் வைத்த சபா

1891இல் சென்னையில் சுகுண விலாச சபா தொடங்கியது. அதன் உயிர் பம்மல் சம்பந்த முதலியார். வக்கீல், பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி, 90க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த அவரை மாற்றியது, பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபா. தெலுங்கில் படித்தவர்கள் மரியாதையாக நாடகம் போட முடிகிறதே, தமிழில் ஏன் முடியாது என்பது அவர் கேள்வி.

சபாவின் பெயரைப் பாருங்கள். சுகுணம் என்றால் நல்ல குணம். ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் அன்று கிடைத்த அர்த்தமும் அதுதான். காசுக்கு ஆடுகிறவன் கூத்தாடி, காசு வாங்காமல் நடிக்கிறவர் கனவான். சத்தியமூர்த்தி மாதிரியான பெரிய தலைவர்கள் சபா மேடையில் நடித்தார்கள். சபாவிலும் ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். ரங்கவடிவேலு முதலியாரின் கதாநாயகிகளுக்கு அவ்வளவு பெயர். ஆனால் அந்தப் பெண் வேஷம் அழுவதற்கும் காதலிப்பதற்கும்தான். கிண்டல் பண்ண இல்லை.

சபா சிரிப்பை முழுக்க வெளியேற்றவில்லை. சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ அசல் நகைச்சுவை நாடகம். பிறகு 1941இல் சினிமாவாகவும் வந்தது. முட்டாள் எஜமானும் அவனைவிட முட்டாளான வேலைக்காரனும் ஒரே பெயரில் திரிவார்கள். வயிறு வலிக்கும். ஆனால் கூத்தோடு ஒப்பிட்டால் ஒரு இடமாற்றம் தெரியும். கூத்தில் சேவகன் ராஜாவைப் பார்த்துக் கேள்வி கேட்டு நம்மைச் சிரிக்க வைத்தான். இங்கே நாம் பெரும்பாலும் சேவகனைப் பார்த்துச் சிரிக்கிறோம். திரைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்டவனுக்கு வெல்வெட் திரை போட்ட மேடையில் இடமில்லாமல் போனது.

தொழில்முறைக் கம்பெனிகள் அவனை விடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த நாடகங்களில் அவன் ‘பபூன்’ ஆனான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் இன்னொரு ஊரிலிருந்து. கதை தொடங்கும் முன்னால் பபூனும், அவருடன் ஆடும் ‘டான்ஸ்’ நடிகையும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மேடையை வைத்துக்கொள்வார்கள். இந்தக் கலைஞர்களோடு பல காலம் பழகி 2005இல் ஒரு புத்தகம் எழுதிய மானிடவியலாளர் சூசன் சைசர் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறார். ரொம்பப் பச்சையான இடம் வரும்போது பபூன் கூட்டத்தைப் பார்த்துப் பேசமாட்டார். பக்கவாட்டில் திரும்பி, ஆர்மோனியம், மிருதங்கக்காரர்களிடம் ஆண்களுக்குள் பேசுகிற மாதிரி சொல்வார். கூட்டத்திலிருக்கும் பெண்களுக்கு அது காதில் விழும். ஆனால் அவர்களிடம் சொல்லப்பட்டதாக ஆகாது.

ஆனால் இந்த ஜோக்குகளுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சைசர் எழுதியிருக்கிறார். பபூனுக்கு வீட்டுக்குப் போனால் குடும்பஸ்தன் பெயர் உண்டு. நடிகைக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. மேடையில் சிரித்த அதே ஊர், பகலில் அவரை வேறு மாதிரி பார்க்கும்.

ஒரே சட்டத்தில் இரண்டு குற்றங்கள்

இனி கல்கத்தா. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அங்கே வந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, அந்தப்புரப் பெண்களை வைத்து வரவேற்பு கொடுத்தார். ஊர் கொதித்தது. 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர் அதை வைத்து ஒரு கேலி நாடகம் போட்டது. ஜகதானந்தர் அதில் ‘கஜதானந்தா’ ஆனார். போலீஸ் நிறுத்தியது. பெயரை மாற்றிப் போட்டார்கள். மாதக் கடைசியில் வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்து நடந்ததுதான் முக்கியம். மார்ச் மாதம் போலீஸ் உள்ளே புகுந்து உபேந்திரநாத் தாஸையும் அமிர்தலால் பாசுவையும் கைது செய்தபோது சொன்ன காரணம் அரச நிந்தனை இல்லை. ‘சுரேந்திர பினோதினி’ என்ற வேறொரு நாடகம் ஆபாசம் என்றார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்தது, ஹைகோர்ட் விடுவித்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்துவிட்டது.

அவதூறு, அரசுக்கு எதிரான வெறுப்பு, பார்ப்பவர் மனதைக் கெடுப்பது என்று மூன்றையும் சட்டம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ராஜதுரோகத்தை நிரூபிப்பது கஷ்டம். ஆபாசத்துக்கு யாராவது ஒருவர் முகம் சுளித்தால் போதும்.

அதே சட்டத்தின் கடைசியில் 12ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. சமயத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்ராக்களுக்கும் அதுபோன்ற நிகழ்ச்சிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. ஜாத்ரா என்பது வங்காளத்து ஊர்க்கூத்து. நம் பாரதக் கூத்தும் அந்த வகைதான். டிக்கெட் போட்ட நகரத்து மேடையைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் பயந்தான். அம்மன் கோயில் திடலில் கட்டியக்காரன் என்ன பேசினாலும் அது ஏதோ மதச் சடங்கு என்று விட்டுவிட்டான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பயம் போகவில்லை. தமிழ்நாட்டில் 1954இல் தனியாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள், குறிப்பாக ராமாயணத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய ‘கீமாயணம்’, அரசை உறுத்திக்கொண்டிருந்த காலம் அது. ராதாவின் பலமே எழுதாத வசனம்தான். அன்று காலை பேப்பரில் வந்தது ராத்திரி அவர் வாயில் வரும். சட்டமோ எழுதிய வசனத்தை முன்கூட்டியே கொடு என்றது. லண்டனிலும் இதே சிக்கல். 1737லிருந்து 1968வரை லார்டு சேம்பர்லெய்ன் அலுவலகம் நாடகங்களைப் படித்துப் பார்த்து அனுமதி கொடுத்தது. மேடையில் நின்ற இடத்தில் தோன்றும் ஜோக்கை எந்த அலுவலகத்தால் முன்கூட்டிப் படிக்க முடியும்?

தமிழ்நாட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் ஒரு அமெச்சூர் நாடகக்காரர். பரீக்ஷா குழுவை 1978லிருந்து நடத்திய ஞாநி. 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. 1876ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தைப் பாராளுமன்றம் ஒருவழியாக 2017இல் தூக்கிப்போட்டது.

சரி, விடுதலை வந்துவிட்டதா? சபாவுக்கு வந்தது. கிராமத்துக்கு? இன்று ஒரு ஊர்த் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி வைக்க வேண்டும் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட் அனுமதிக்கும்போது ஒரு நிபந்தனைப் பட்டியல் கூட வரும். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடலோ வசனமோ கூடாது, சாதி, கட்சி பற்றிப் பாடக்கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். 1876இல் நகரத்து மேடைக்குக் கண்காணிப்பு, ஊர்த் திருவிழாவுக்கு விலக்கு. இப்போது தலைகீழ். ஏசி அரங்கில் இருநூறு பேர் முன்னால் எந்தக் கெட்ட வார்த்தையும் சொல்லலாம், ஸ்டாண்ட்-அப் காமெடி என்று பெயர். திடலில் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது வில்லுக்கு நாண் ஏறுமா என்று கேட்டால் நிபந்தனை மீறல்.

மொட்டை மாடியில்

இது பழைய கதை மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த பையன்கள் சிலர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். எட்டு பேர் ஒரே ரூம். அதில் இரண்டு பேருக்கு ஊரில் கூத்து ஜமா பழக்கம். ஒரு ஆயுத பூஜைக்கு ஷாப்ளோரில் கலை நிகழ்ச்சி என்றதும் இருபது நிமிஷத்துக்கு ஒரு கூத்து கட்டினார்கள். துரியோதனன்தான் சூப்பர்வைசர். கட்டியக்காரன் கான்ட்ராக்ட் லேபர்.

ஹெச்ஆரிலிருந்து ஸ்கிரிப்ட் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த காகிதத்தில் மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தது. இரண்டு இடம் கொஞ்சம் பச்சையான ஜோக். மூன்றாவது, கட்டியக்காரன் “மன்னா, ஒண்ணுக்குப் போவ அனுமதி உண்டா? எத்தினி நிமிஷம்?” என்று கேட்கிற இடம். மூன்றுக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: டீசன்ட்டா இல்லை. அந்தக் காகிதத்தை நான் பார்த்தேன். 1876ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பற்றிப் படித்த எதுவும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

வெட்டிய நாடகத்தை அன்று போட்டார்கள். ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். கட்டியக்காரன், “மன்னா, அனுமதி உண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு வெடித்தது. எதற்கு அனுமதி என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. லைனில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்த அவஸ்தை அது, பெண்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. வெட்டியதால் அர்த்தம் இரட்டையாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் அவர்கள் ரூம் மொட்டை மாடியில் முழு நாடகத்தையும் போட்டார்கள். அன்செர்டிஃபைட் வெர்ஷன் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முப்பது பேர் இருப்போம், எல்லாரும் ஆண்கள். பத்து நிமிஷத்துக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. சூப்பர்வைசர் மெதுவாகக் கதையிலிருந்து காணாமல் போனார். அவர் இடத்துக்கு லேடீஸ் ஹாஸ்டல் வந்தது. யார் யாரோடு எந்த பஸ்ஸில் ஏறினாள் என்பது ஜோக்கானது. அப்புறம் நரிக்குறவர் மாதிரிப் பேசிக் காட்டினான் ஒருத்தன். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு ஜோக்குக்கும் இரண்டு அர்த்தம் இல்லை, எல்லாம் ஒரே அர்த்தம்தான்.

என் வாதத்தில் எனக்கே கஷ்டமான இடம் இதுதான். பச்சைப் பேச்சின் சுதந்திரத்துக்காகப் பேசினால் எல்லாப் பச்சைப் பேச்சுக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறதா? 2023இல் குறவன்–குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டபோது சுதந்திரம் போச்சு என்று நான் நினைக்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயரை வைத்து, அந்தச் சமூகத்துக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள், ஊர் ஊராக அவர்களைக் கேவலப்படுத்திக்கொண்டிருந்த ஆட்டம் அது. அந்த மக்கள் பல வருஷம் போராடித்தான் அந்தத் தடை வந்தது. ஆபாசம் என்ற ஒரே சொல்லுக்குள் அந்த ஆட்டத்தையும் ஒண்ணுக்குப் போவ அனுமதி கேட்கிற கட்டியக்காரனையும் சேர்த்துக் கட்டுவதில்தான் பிரச்சினை. முதலாவது கீழே இருப்பவனை மிதிக்கிறது. இரண்டாவது மேலே இருப்பவனைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

கூத்தில் துகிலுரிதல் ராத்திரி பார்த்திருக்கிறேன். துச்சாதனன் திரௌபதியின் சேலையில் கை வைக்கும் முன் நாடகம் நிற்கும். அந்த வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். தாயே, இது வேஷம், மன்னித்துவிடு என்பது அதன் பொருள். அதுவரை வாய் ஓயாமல் பேசிய கட்டியக்காரன் நான் பார்த்த ராத்திரியில் ஒரு வார்த்தை திரௌபதியைப் பற்றிப் பேசவில்லை. துரியோதனன் பக்கம் திரும்பி, “உங்கம்மாவும் பொடவதான கட்டிக்கினு கீறாங்க ராஜா?” என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. விடிய விடிய ஜோக் அடித்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது போலீஸ் நிபந்தனை இல்லை. எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஆயாக்களும் அத்தைகளும் பெண் பிள்ளைகளும்தான்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

கூத்தை நகரத்து இலக்கிய உலகம் திரும்பக் கண்டுபிடித்தது 1970களில். ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் பார்த்து வியந்து எழுதினார், 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியது. நமக்குக் கூத்தின் மேல் வந்த மரியாதை பெரும்பாலும் அவர்கள் தந்தது. ஆனால் அரங்கத்துக்கு வந்த கூத்து இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. கர்ணன் சாவு நின்றது, அடவு நின்றது. நான் சென்னையில் பார்த்த சுருக்கங்களில் எல்லாம் முதலில் வெட்டுப்பட்டது கட்டியக்காரன் பேச்சுதான். மரியாதை வந்தாலே அவனுக்குக் கஷ்டம்தான் போல.

காஞ்சிபுரம் பக்கத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் 1990இல் கலைஞர்களோடு சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002லிருந்து 2020வரை புஞ்சரசன்தாங்கலில் ஒரு குருகுலம் நடந்தது. அதில் பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள், வேஷம் கட்டினார்கள், ராத்திரி முழுக்க ஆடினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கலையில் இது சின்ன விஷயம் இல்லை. கிரீடம் கட்டி ஆடுவதைவிட, பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் நிற்பது பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். சேலையைப் பற்றிய ஜோக்கைச் சேலை கட்டியவள் சொன்னால் அது வேறு ஜோக்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். பச்சைப் பேச்சை நேர்மையாக வைத்திருப்பது சட்டமும் இல்லை, சபா ஒழுக்கமும் இல்லை. எதிரே கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான் அதைச் செய்கிறது. பிள்ளை இருப்பதால் இரண்டாவது அர்த்தம் தேவைப்படுகிறது. பெண் இருப்பதால் பபூன் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது. ராஜா இருப்பதால் லஞ்சத்தைப் பற்றிக் குடிகாரிதான் பேச முடிகிறது. இவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினால் மிச்சம் இருப்பது நம் மொட்டை மாடி, அல்லது நாம் இருக்கும் ஆண்கள் மட்டும் வாட்ஸ்அப் குரூப்.

சுங்குவார்சத்திரத்தில் அப்படிக் கலந்த கூட்டத்துக்கு இப்போது இடமே குறைவு. ஆண்கள் ரூம் ஒரு பக்கம், பெண்கள் ஹாஸ்டல் இன்னொரு பக்கம், கம்பெனி பஸ் இறக்கிவிட்டால் கேட் மூடிவிடும். சொந்த ஊர்க்காரர்களின் திடல்களில் சில பிளாட் ஆகிவிட்டன. எட்டு மணி நேரம் ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள், சேர்ந்து உட்கார்ந்து சிரிக்க ஒரு ராத்திரி கிடையாது.

பையன்கள் அடுத்து பொங்கலுக்கு ஒன்று கட்டுகிறார்கள். இந்த முறை மண்டபம் பார்க்கலாம், லைனில் வேலை செய்கிற பெண்களையும் கூப்பிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். “அப்ப பாதி ஜோக் போயிடுமேடா” என்றான் கட்டியக்காரன் வேஷக்காரன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனே, “சரி, புதுசா எழுதிக்கலாம்” என்றான்.